வெறும் வயிற்றில் ஓர் ஆமை

தெற்குத் தைவானின் அந்தச் சிப்பிக் கரையில் கடல் உள்வாங்கும்போது எல்லோரும் வேலைக்கு ஓடுவார்கள். வேலையே இல்லாமல் ஓடிய ஒரே ஆள் கிம்தியான்தான். விடிந்ததும் அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு, தொப்பை குலுங்க, கரைமேட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுவான். கொட்டகையில் உட்கார்ந்து சிப்பி உடைக்கிற பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

"ஏய் தியான், போலீஸ் துரத்துதா, பொண்டாட்டி துரத்துதா?"

"ஈரல் துரத்துதுக்கா."

"அதுக்கு ஏண்டா நீ ஓடுற? சந்தையில பன்னி ஈரல் தொங்குதே, அதை வாங்கி வைக்கச் சொல்லேன். உன்னுதைவிட சுத்தமா இருக்கும்."

அவர்கள் சொன்னதில் தப்பில்லை. பதினைந்து வயதிலிருந்து மூங்கில் சுமந்து, சேற்றில் அடித்து, சிப்பிச் சரம் கட்டித் தொங்கவிட்டு வளர்ந்த உடம்பு அது. வெளியே இரும்பு, உள்ளே அரிசிச் சாராயமும் வறுத்த பன்றித் தோலும் சேர்ந்து கல்லீரலைக் கொழுப்பில் ஊறப்போட்டிருந்தன. படத்தைப் பார்த்த டாக்டர் ஷே, "இதை நாய்க்குக்கூடக் குடுக்க முடியாது" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். நாய்க்குக் கொடுக்கவா கேட்டான்? மகளுக்குக் கொடுக்கக் கேட்டான்.

மகள் ஜென்ஜென்னுக்கு நாலரை வயது. பிறந்தபோது பித்தம் இறங்குகிற குழாய் அடைந்துபோய் வந்தவள். கண் மஞ்சள், மூத்திரம் தேநீர் நிறம், மலம் சுண்ணாம்பு. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று கிம்தியான் சொன்னான். அவன் மனைவி தூயெட் வியட்நாமிலிருந்து வந்தவள். அப்போது அவளுக்கு உள்ளூர் எழுத்து பாதிதான் தெரியும். ஆனால் குழந்தைக் கையேட்டில் ஒட்டியிருந்த மல நிற அட்டையைப் படிக்க எழுத்து வேண்டியதில்லை. துணியை அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள், பார்த்தாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறிவிட்டாள். ஐம்பத்திரண்டாம் நாள் அறுவை. செத்த குழாயை எடுத்துவிட்டு, குடலின் ஒரு துண்டை நேராகக் கல்லீரலோடு சேர்த்துத் தைத்தார்கள். பித்தம் ஓடியது. மஞ்சள் இறங்கியது. வயிற்றின் குறுக்கே சிரிக்கிற வாய்போல ஒரு தழும்பு மட்டும் நின்றது. அதை ஜென்ஜென் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டுவாள்.

குழாயைச் சரி செய்தாலும் கல்லீரல் மெல்ல இறுகலாம். இறுகினால் முதலில் ரத்தம்தான் காட்டிக்கொடுக்கும். குடலிலிருந்து வருகிற பெரிய நாளத்தில் வேகம் குறையும். இதயத்திலிருந்து வருகிற தமனி எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கும். அந்த எதிர்ப்பை ஸ்கேனில் ஒரு எண்ணாகச் சொல்வார்கள். போன வருடம் 0.72. ஆறு மாதத்துக்கு முன் 0.78. டாக்டர் ஷே தாளில் 0.85 என்று எழுதி அடியில் கோடு போட்டார். "இவ விஷயத்துல இதைத் தாண்டினா மாற்றுக் கல்லீரல் பத்திப் பேச ஆரம்பிச்சிரணும்." தூயெட்டின் ரத்த வகை சேரவில்லை. கிம்தியானுடையது சேர்ந்தது. அதனால்தான் ஓட்டம். சாராயத்தை விட்டான், பன்றித் தோலை விட்டான், மூன்று மாதத்தில் பதினோரு கிலோவை விட்டான்.

ஸ்கேன் நாள், சந்திர ஆண்டின் முதல் மாதத்துப் பௌர்ணமிக்கு மறுநாள் வந்து விழுந்தது. காலை ஒன்பது மணிக்கு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். "ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாது, தண்ணி மட்டும்" என்று நர்ஸ் போனில் இரண்டு முறை சொல்லியிருந்தாள். தூயெட் வீட்டிலிருந்த பிஸ்கட் டப்பாவை அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

ஆறரைக்குக் கிம்தியானின் அண்ணன் ஹோக் சிப்பி ஏற்றுகிற லாரியோடு வாசலில் நின்றான். அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு ஆமை: அரிசிமாவில் செய்து, உள்ளே பயற்றுப் பூரணம் வைத்து, முதுகில் ஓடுபோல வரி கீறியது. பௌர்ணமி அன்று மருத்துவத் தெய்வத்தின் கோயிலில் அடுக்கி வைத்திருப்பார்கள். வேண்டுகிறவன் பிறைக் கட்டைகள் இரண்டையும் தரையில் போட வேண்டும்; ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் தெய்வம் சம்மதித்ததாகக் கணக்கு. மூன்று முறை அடுத்தடுத்துச் சம்மதித்தால்தான் ஆமை கிடைக்கும்.

"மூணு தடவையும் விழுந்துச்சுடா தம்பி!" ஹோக்கின் குரல் தெருவுக்கே கேட்டது. "எனக்கு முன்னால நாப்பது பேர். மேயரோட மச்சான் பதினாலு தடவ போட்டான், ஒண்ணும் நடக்கல. நான் கொழந்த பேரச் சொல்லிப் போட்டேன். டக், டக், டக்!"

தூயெட்கூடச் சிரித்தாள். லாரியின் முன்சீட்டில் ஆண்கள் இருவரும், பின்சீட்டில் தூயெட்டும் ஜென்ஜென்னும், ஜென்ஜென்னின் மடியில் ஆமையும் உட்கார்ந்தார்கள். தெய்வம் கொடுத்தது அவளிடம்தானே இருக்க வேண்டும்.

வழியில் பெட்ரோல் போட நின்றபோது தூயெட் கழிப்பறைக்குப் போனாள். ஹோக் பணம் கட்டப் போனான். கிம்தியான் பின்னால் திரும்பினான். ஆமை அவனைப் பார்த்தது. மூன்று முறை விழுந்த ஆமை. இன்றைக்கு வேண்டாமல் என்றைக்கு வேண்டும்? நர்ஸ் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்றாள். இது சாப்பாடா? சோறா, பாலா, பிஸ்கட்டா? கோயில் தீர்த்தத்தைக் குடிப்பதும் மழையில் நனைவதும் சாப்பாட்டில் சேருமா? ஆமையின் தலையைக் கிள்ளி மகளின் வாயில் வைத்தான்.

"அம்மாகிட்ட சொல்லாத."

"சொல்ல மாட்டேன்" என்றாள் ஜென்ஜென், மென்றுகொண்டே.

ஸ்கேன் அறையில், ஸ்கேன் எடுக்கிற கோ மேடம் இருந்தாள். ஐம்பது வயது, குட்டை முடி, முழங்கை வரை சுருட்டிய வெள்ளைக் கோட்டு. ஜென்ஜென்னை ஒன்றரை மாதக் குழந்தையாகப் பார்த்தவள். எல்லாப் பெற்றோரையும் திட்டுவாள், எந்தப் பிள்ளையையும் திட்டமாட்டாள்.

"வாடி என் ராணி. வயிறக் காட்டு. என்னப்பா தியான், பாதி ஆளக் காணோம்?"

"ஓடித் தொலைச்சிட்டேன் மேடம்."

குளிர்ந்த களிம்பு பட்டதும் ஜென்ஜென் கெக்கெக்கென்று சிரித்தாள். திரையில் சிவப்பும் நீலமும் விட்டுவிட்டு மின்னின. சுவரோரம் மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். நாலு வருடத்தில் கிம்தியான் ஒன்று கற்றிருந்தான்: திரையின் வலது மூலையில் கடைசி வரியில் அந்த எண் வரும். மற்றதெல்லாம் அவனுக்குச் சேறு. கடைசி வரி மட்டும்தான் தெரியும்.

0.91.

கோ மேடம் கருவியை எடுத்து மறுபடி வைத்தாள். 0.90. அவள் முகம் இறுகியது.

கிம்தியானின் காதில் யாரோ சங்கு ஊதுவது போலிருந்தது. கோடு 0.85. தாண்டியாகிவிட்டது. அவன் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான்.

"என்னப்பா பண்ற?"

"எடுத்துக்குங்க மேடம். இன்னிக்கே எடுத்துக்குங்க. நான் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. பதினோரு கிலோ எறக்கிட்டேன். சாராயம் தொட்டு தொண்ணூத்தாறு நாளாச்சு. எங்க படுக்கணும், சொல்லுங்க."

"தம்பி, சட்டையப் போடுடா" என்றான் ஹோக், அவனும் அழுதுகொண்டே.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றாள் கோ மேடம். அவள் அவர்களைப் பார்க்கவேயில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது சரியா இல்ல. தமனி இப்படி எதிர்த்தா பெரிய நாளம் மந்தமா ஓடணும். இது என்னடான்னா வெள்ளமா ஓடுது. வேகம் போன தடவ இருபது. இப்ப முப்பத்தி நாலு. நோய் இப்படிப் பண்ணாதே." கருவியை இடப்பக்கம் நகர்த்தினாள். நிறுத்தினாள். நாற்காலியைச் சுற்றித் திருப்பினாள்.

"கொழந்த காலையில என்ன சாப்பிட்டா?"

"ஒண்ணும் இல்ல மேடம்." மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"பால்?"

"இல்ல."

"சோயாப் பால்? பழம்? பிஸ்கட்?"

"பிஸ்கட்டப் பூட்டி வெச்சிட்டேன்" என்றாள் தூயெட், சாவியை எடுத்துக் காட்டி.

"அப்ப இது என்ன?" கோ மேடம் திரையில் விரலால் தட்டினாள். "இது வயிறு. வெறும் வயிறுன்னா காலிச் சாக்கு மாதிரி மடங்கிக் கிடக்கணும். இது மூட்டை கட்டின மாதிரி நிக்குது. உள்ள ஏதோ கெட்டியா ஒட்டிக்கிட்டு."

கிம்தியான் திரைக்கு அருகே குனிந்தான். "அது... ஏதாவது வளர்ந்திருக்கா மேடம்?"

"வளரல. மென்னு முழுங்கியிருக்கு."

ஜென்ஜென் படுக்கையிலிருந்து தலையைத் தூக்கித் திரையைப் பார்த்து, "அது ஆமை" என்றாள்.

"என்ன ஆமை?"

"சாமி ஆமை."

கிம்தியான் தரையைப் பார்த்தான். "தலை மட்டும்தான் மேடம். துளியூண்டு. சாமி குடுத்தது, சாப்பாடு இல்லன்னு நெனச்சேன்."

"டேய், நீயுமா?" என்றான் ஹோக். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். கோ மேடத்தின் பார்வை அவன்மேல் திரும்பியது. "வாலு... வாலு மட்டும் குடுத்தேன் மேடம். இங்க வண்டிய நிறுத்திட்டு எறங்கும்போது. கட்டை போட்டது நானு. என் கையால ஒரு வாய் குடுக்கலன்னா எப்படி?"

"அறிவிருக்கா உங்க ரெண்டு பேருக்கும்?" தூயெட் கணவனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஆறு மணி நேரம்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன். யோவ், உனக்குக் காது இல்லையா?"

"அம்மா காலு குடுத்தாங்க" என்றாள் ஜென்ஜென்.

தூயெட்டின் கை அப்படியே நின்றது.

"ஒரே ஒரு காலு" என்றாள் மெதுவாக. "முன்னங்காலு. சின்னதுதான்."

"மிச்சம்?" என்று கேட்டாள் கோ மேடம்.

"மிச்சத்த நானே சாப்பிட்டேன்" என்றாள் ஜென்ஜென் பெருமையாக. "எல்லாரும் குடுத்தாங்கள்ல. அதனால சாப்பிடலாம்னு தெரிஞ்சிக்கிட்டேன். ஓடு நல்லா இருந்துச்சு."

கோ மேடம் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. கோபத்தில் குலுங்குகிறது என்று கிம்தியான் நினைத்தான். கையை எடுத்தபோது கண்ணில் தண்ணீர், சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்தாறு வருஷமா பாக்குறேன். மறைச்சுப் பால் குடுத்தவங்கள பாத்திருக்கேன். கொழந்த அழுதுன்னு மிட்டாய் குடுத்தவங்கள பாத்திருக்கேன். ஒரு ஆமைய பங்கு போட்டு ஊட்டின குடும்பத்த இன்னிக்குத்தான் பாக்குறேன். இங்க பாருங்க. சாமி குடுத்தாலும் கடை குடுத்தாலும் குடலுக்கு ஒண்ணுதான். வயித்துல சாப்பாடு விழுந்தா குடலுக்கு ரத்தம் பாயும். அது அத்தனையும் பெரிய நாளம் வழியா ஈரலுக்கு வரும். உடனே தமனி தன்ன இறுக்கிக்கும்."

கிம்தியான் நிமிர்ந்தான். இது அவனுக்குத் தெரிந்த விஷயம். மீன் குளத்துக்கு இரண்டு வாய்க்கால். பெரிய மடையில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்தால் சின்ன மடைப் பலகையை அவனே இறக்குவான். "அப்ப 0.91, மடை எறக்கினதுதானா மேடம்? நோய் இல்லையா?"

"அவசரப்படாத. கொஞ்சம் ஆமை, கொஞ்சம் நோயாவும் இருக்கலாம். உண்மையான எண் எனக்கு இப்பத் தெரியாது. அது ஆமைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கு." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "கடைசி வாய் எத்தன மணிக்கு?"

"கார் நிறுத்துற எடத்துல" என்றாள் ஜென்ஜென்.

"எட்டே முக்கால்னு வெச்சிக்க. மூணு மணிக்கு என்கிட்ட ஒரு எடம் இருக்கு. அதுவரைக்கும் தண்ணி மட்டும். சாமியே நேர்ல வந்து ஊட்டினாலும் வாயத் தொறக்கக் கூடாது. கேட்டுச்சாடி ராணி?"

அந்த ஐந்தே முக்கால் மணி நேரம் கிம்தியான் வாழ்க்கையில் செய்த எந்தக் கூலி வேலையைவிடவும் கடினமாக இருந்தது. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம் முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். லிஃப்ட் திறக்கிறபோதெல்லாம் கொதிக்கிற பன்றிக்கறிக் குழம்பின் வாசனை மேலே ஏறி வந்தது. பதினோரு மணி வரை ஜென்ஜென் ராணியாகவே இருந்தாள். பன்னிரண்டுக்குப் பேரம் ஆரம்பித்தாள்.

"ஒரு முட்டை."

"கூடாதும்மா."

"பாதி முட்டை."

"கூடாது."

"முட்டையோட வாசனை?"

கிம்தியான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறினான். ஏழாம் மாடியில் மீன் தொட்டி பார்த்தார்கள். நாலாம் மாடியில் ஒரு கிழவரின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொடுத்தார்கள். அவர் நன்றிக்கு ஒரு ஆரஞ்சை நீட்டினார். கிம்தியான் பாம்பைக் கண்டவன்போலப் பின்வாங்கினான். மகள் பட்டினி என்றால் தானும் பட்டினி என்று சொல்லிவிட்டான். தூயெட்டும் தன் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டி வைத்துவிட்டாள். ஹோக் மட்டும், தான் வண்டி ஓட்டுகிறவன், மயக்கம் வந்தால் எல்லோரும் வாய்க்காலில் கிடக்க வேண்டியதுதான் என்று நியாயம் பேசிவிட்டு எங்கோ போனான். திரும்பி வந்து ஒரு தூணுக்குப் பின்னால் நின்றான்.

"பெரியப்பா வாய் ஏன் ஆடுது?" என்றாள் ஜென்ஜென்.

"பாட்டுப் பாடுறேன் கண்ணு" என்றான் ஹோக், கன்னத்தில் அடக்கிய பன்னோடு.

"என்ன பாட்டு?"

அவனுக்கு விக்கல் எடுத்துவிட்டது.

இரண்டு மணிக்கு ஜென்ஜென் அழுது ஓய்ந்து கிம்தியானின் மடியில் தூங்கிப்போனாள். வராந்தா பெஞ்சில் தூயெட் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிப்பி உடைத்து உடைத்துத் தழும்பேறிய விரல்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்கா?" என்றான்.

"நேத்து நானும் கோயிலுக்குப் போனேன்."

"என்ன வேண்டிக்கிட்ட?"

"நீ ஓடினதெல்லாம் வீணாப் போகணும்னு." அவள் அவனைப் பார்க்கவில்லை. "உன் ஈரல் யாருக்கும் வேண்டாம்னு ஆகணும்னு. அது உன்கிட்டயே கெடந்து அழுகட்டும்னு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்தால் மகள் விழித்துக்கொள்வாள். வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான்.

மூன்று மணிக்குக் கோ மேடம் யாரையும் பேசவிடவில்லை. முதலில் வயிற்றைப் பார்த்தாள். "காலிச் சாக்கு. நல்லது." பிறகு நாளம். பிறகு தமனி. ஜென்ஜென் பாதித் தூக்கத்தில் தன் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். கோ மேடம் அவள் மூச்சுக்காகக் காத்திருந்து காத்திருந்து அளந்தாள். கிம்தியான் வலது மூலையைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. தூயெட்டின் காலணியைப் பார்த்தபடி நின்றான். இடது காலணியின் ஓரம் பிய்ந்திருந்தது. இவ்வளவு நாளாக அதைக் கவனித்ததேயில்லை.

"0.79" என்று ஹோக்தான் படித்தான். எண்களை உரக்கப் படிக்கிற பழக்கம் அவனுக்கு உண்டு, வழியில் வருகிற வண்டி எண்களையெல்லாம் படிப்பான். "0.79. இன்னொண்ணும் 0.79. இது 0.78. மேடம், இது ஏறினதா, எறங்கினதா?"

"நின்னது" என்றாள் கோ மேடம். "நாளத்துல இருபத்தொண்ணு. போன தடவ மாதிரியே. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, டாக்டர்தான் சொல்லணும். போங்க."

டாக்டர் ஷே தாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காலைத் தாளின் ஓரத்தில் கோ மேடம் "ஆமை உண்டபின்" என்று எழுதியிருந்தாள். அவர் அதை இரண்டு தடவை படித்தார். ஈரல் கொஞ்சம் இறுகியிருக்கிறது, அது முன்பே தெரிந்ததுதான். ஆனால் இந்த ஆறு மாதத்தில் மேலே போகவில்லை. மாற்றுப் பேச்சு இப்போது வேண்டாம். அடுத்த ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். காய்ச்சலோ மஞ்சளோ வந்தால் அன்றைக்கே வர வேண்டும். என்றைக்கும் வேண்டியே இருக்காது என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

"ஆறு மாசம்" என்றான் கிம்தியான். ஆறு மாதம் என்றால் ஒரு சிப்பிச் சரம் பாதி வளர்கிற காலம். அவன் கணக்கில் அது நீண்ட காலம்.

கீழ்த்தளத்தில் மூலை மேசையைப் பிடித்தார்கள். பன்றிக்கறிக் குழம்புச் சோறு மூன்று கிண்ணம், ஊறவைத்த முட்டை, கீரை. கிண்ணம் மேசையைத் தொடுவதற்கு முன்பே ஜென்ஜென் கரண்டியை இறக்கிவிட்டாள். தன் கிண்ணத்தை முடித்துவிட்டு அம்மாவின் முட்டையை எடுத்தாள். தூயெட் மடமடவென்று தின்றாள், கன்னம் முழுக்கக் குழம்பு. காலையிலிருந்து பன் தின்ற ஹோக், துணைக்கு என்று சொல்லித் தம்பியின் கிண்ணத்திலிருந்து ஆரம்பித்தான். கிம்தியான் சாப்பாட்டுக் குச்சிகளைப் பிரித்து உரசிக்கொண்டு குனிந்தபோது உள்ளே நாலு பருக்கையும் ஒரு கீரைத் தண்டும் இருந்தன.

"அப்பா, இன்னும்" என்றாள் ஜென்ஜென்.

எழுந்து வரிசையில் போய் நின்றான். முன்னால் ஆறு பேர். வரிசை நகர்ந்தது. கடைக்காரம்மா கரண்டியும் கையுமாக, "உனக்கு எத்தன கிண்ணம்பா?" என்று கேட்டாள். கிம்தியான் மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஜென்ஜென் சட்டையைத் தூக்கி, உப்பிய வயிற்றைப் பக்கத்து மேசைக்காரருக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அவன் கடைக்காரம்மாவிடம் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான்.

"நாலு பேருக்கு அஞ்சா?" என்றாள் அவள், மேசையை எட்டிப் பார்த்து.

அவன் தலையாட்டினான். அவள் குழம்பை அள்ளி ஊற்றத் தொடங்கினாள்.